ஒரு வெள்ளியில் தொடங்கிய உறவு

தேர்வு முடிவுகள் வெளிவந்து, மேற்கல்விக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வே இருக்காது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கும் ஆசிரியனுக்கு இது வழக்கமான தொல்லைதான். "சார், இந்தப் புள்ளிக்கு எது கிடைக்கும்?", "மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா?", "அந்தத் துறையை எடுத்தால் வேலை உண்டா?" எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் சென்ற ஆண்டு ஒரு மாணவியின் தந்தை கேட்ட கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அவர் லோரி ஓட்டுகிறார். மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் பேசியவர், பேச்சை முடிக்கும்போது சற்றுத் தயங்கி, "அது பெரிய இடம் சார். அங்க நம்மளுக்குன்னு என்ன சார் இருக்கு?" என்றார்.

கோட்டாவைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. அந்த இடத்தோடு நமக்கு ஏதாவது ஒட்டு உறவு உண்டா என்றுதான் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல அது. உங்களில் பலர் இந்த ஆண்டு ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்கப் போகிறீர்கள். எனவே அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1949-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவான நிறுவனம் அது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அன்று அது ஒன்றே பல்கலைக்கழகம். இந்த மண்ணின் மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராய அங்கே துறைகள் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, இந்தியவியலுக்கும் ஒரு துறை அமையும் என்று ஆயிற்று. நல்ல செய்திதான். ஆனால் அந்தத் துறையில் எந்த மொழிக்கு முதலிடம்? சமஸ்கிருதத்துக்கு என்று ஒரு தரப்பு சொன்னது. உலகப் பல்கலைக்கழகங்களில் அன்று இந்தியவியல் என்றால் பெரும்பாலும் சமஸ்கிருதம்தான். ஆகவே அந்தக் கருத்து வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆனால் இந்த நாட்டில் பால் மரம் சீவியவர்களும், இரயில் தண்டவாளம் போட்டவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் பேசிய மொழி தமிழ். அவர்கள் பிள்ளைகளுக்காக அமையும் துறையில் தமிழ் ஓரத்தில் நின்றால் அது யாருக்கான துறை?

இந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1903-இல் திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் வந்து, 1935-இல் 'தமிழ் முரசை'த் தொடங்கியவர். அந்த நாளில் அந்த ஏடு சிங்கப்பூரில் மட்டுமல்ல, தீபகற்பத்தின் தோட்டங்களிலும் வாசிக்கப்பட்டது. எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம். தமிழுக்கே முதலிடம் என்ற கோரிக்கையை அவர் எழுப்பினார். கோரிக்கையோடு நின்றிருந்தால் இன்று இதை எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. துறை வந்தால் நூல் வேண்டும், நூல் வாங்கப் பணம் வேண்டும் என்று, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். பெரிய செட்டியார் கடைகளில் மட்டும் உண்டியல் குலுக்கும் திட்டமல்ல அது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்று சாதாரண மக்களிடம் கேட்ட நிதி.

தோட்டத்து மக்கள் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தில் கடை பாக்கி போக மிஞ்சுவதை வைத்துப் பிள்ளைக்குச் சட்டை எடுப்பதா, ஊருக்குப் பணம் அனுப்புவதா என்று கணக்குப் பார்த்த குடும்பங்களுக்கு ஒரு வெள்ளி சின்னத் தொகையல்ல. அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தங்கள் பிள்ளைகள் அங்கே போவார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. அன்றைய தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். அப்படியும் கொடுத்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தமிழை மையமாகக் கொண்டு தொடங்கியது. 1959-இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரு பிரிவுகளானபோது, துறை கோலாலம்பூருக்கு, லெம்பா பந்தாய் வளாகத்துக்கு வந்தது. 1962 ஜனவரி முதல் நாள் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின.

எனவே அந்த லோரி ஓட்டுநருக்கு நான் சொன்ன முதல் பதில் இது: "அண்ணே, அங்க நம்மளுக்குன்னு ஒரு புத்தக அலமாரி இருக்கு. உங்க தாத்தா மாதிரி ஆளுங்க காசு போட்டு வாங்கினது."

இதை நம் இனத்துக்கு மட்டுமே உரிய பெருமையாக நினைத்துவிடக் கூடாது. இந்த வட்டாரத்தில் உயர்கல்வியின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. நான் மேலே சொன்ன மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1904-இல் டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர் மக்கள் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். முதலில் பணம் திரட்டிக் காட்டுங்கள் என்று அரசு சொன்னது. 87,077 வெள்ளி திரண்டது. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் கொடுத்தது. 1905-இல் பள்ளி திறந்தது. பிறகு 1953-இல் டான் லார்க் சாய் என்ற ரப்பர் வணிகர் சீனமொழிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1954-இல் திரிஷா ஓட்டுநர்கள் ஒரு நாள் முழுக்க மிதித்துச் சம்பாதித்ததை அப்படியே நன்கொடையாகத் தந்தார்கள். 1956-இல் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. நம் துறை தொடங்கிய அதே ஆண்டு. ஒரு பக்கம் திரிஷா மிதித்தவர், இன்னொரு பக்கம் பால் மரம் சீவியவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் 'சமுதாய ஈடுபாடு' என்று பேசும்போது, பல்கலைக்கழகம் மேலே இருப்பது போலவும், இறங்கி வந்து மக்களுக்கு எதையோ வழங்குவது போலவும் ஒரு தொனி இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. இங்கே முதலில் நடந்து போனவர்கள் மக்கள். பல்கலைக்கழகம் செய்வது பதில் மரியாதை.

சரி, பதில் மரியாதை நடந்ததா? நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன்.

1961-இல் துறைக்குத் தலைமையேற்க வந்தவர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியான ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். கத்தோலிக்கக் குரு. ரோமாபுரியில் சமயம் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழை 1952 முதல் நடத்தியவர். உலகத்தில் எந்தெந்த நூலகத்தின் எந்த மூலையில் தமிழ் ஏடு இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தவர் என்று சொன்னால் மிகையாகாது.

அவர் தேடியதில் ஒன்று அந்தாவ் தெ புரோயென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அறியப்பட்ட ஒரே படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. முந்நூறு ஆண்டுக்கு முன் தமிழர் வாயில் புழங்கிய சொற்கள், பேச்சு வழக்கு உட்பட, அதில் பதிவாகியிருந்தன. அந்த ஒற்றைப் படியைப் படமெடுத்து, 1966-இல் மறுபடியும் நூலாக்கி உலகுக்குக் கொடுத்தது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? சென்னையா, கொழும்பா, இலண்டனா? கோலாலம்பூர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை. நான் இதை முதன்முதலில் அறிந்தது மாணவனாக நூலகத்தில் வேறெதையோ தேடும்போது. தலைப்புப் பக்கத்தில் நம் துறையின் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்துக் காட்டினேன். அவன் பொருளாதாரத் துறை மாணவன். "அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டான். போகட்டும்.

அதே 1966, ஏப்ரல் மாதம். முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1964 ஜனவரியில், புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடந்தபோது, அங்கே வந்திருந்த தமிழாய்வாளர்களைத் திரட்டி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை அமைத்தவர்களில் அடிகளார் முன்னணியில் இருந்தார். பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர் பொறுப்பேற்றார்கள். முதல் மாநாட்டை எங்கே நடத்துவது என்ற கேள்விக்கு, தமிழ்நாடு இருக்க, சுதந்திரம் அடைந்து ஒன்பதே ஆண்டான மலேசியா விடையாயிற்று. அதைப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்தார். பாரிசிலிருந்தும் பிராகாவிலிருந்தும் வந்த அறிஞர்கள் தமிழைப் பற்றி விவாதிக்க, அந்த விவாதத்துக்குக் களம் அமைத்துத் தந்தது ரப்பர் நாடு.

அங்கே தொடங்கிய சங்கிலி அடுத்து 1968-இல் சென்னைக்குப் போனது. சென்னைக்குச் சுற்றுலா போய் மெரினா கடற்கரையில் கம்பர், இளங்கோ, ஜி.யு. போப் சிலைகளோடு படம் எடுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அவை அந்த இரண்டாவது மாநாட்டையொட்டி எழுந்தவை. பிறகு 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம், 1981-இல் மதுரை. மீண்டும் 1987-இலும் 2015-இலும் கோலாலம்பூர்.

உலகத்தைப் பார்த்துக்கொண்டே ஊரை மறந்துவிடுவது பல்கலைக்கழகங்களுக்குப் பழகிப்போன நோய். அந்தத் துறை அப்படி மறக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். எனக்கு மாநாட்டைவிட இது பெரிதாகத் தெரிகிறது. 1969-இல் துறை விரிவுரையாளர் இராம. சுப்பையா 'தமிழ் மலேசியானா' என்ற நூலைத் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியல் அது. பட்டியல்தானே என்று அலட்சியமாக நினைக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கையில் இருந்த காசைப் போட்டு, உள்ளூர் அச்சகத்தில் ஐந்நூறு படி அடித்து, நண்பர்களிடம் விற்றுப் பார்த்து, மீதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்ட எழுத்தாளருக்கு உலகத்தில் என்ன அடையாளம் உண்டு? பல்கலைக்கழகம் அவர் பெயரையும் நூலின் பெயரையும் அச்சிட்டு, "இது இந்த நாட்டு இலக்கியம்" என்று ஏற்றுக்கொள்கிறது. மலேசியத் தமிழ் இலக்கியம் என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால் எடுத்து நீட்டுவதற்கு ஓர் ஆவணம். இன்றுவரை ஆய்வாளர்கள் அதைப் புரட்டாமல் நகர முடிவதில்லை.

அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினம் 1970-இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் நம் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் நல்ல நுழைவாயில். பேராசிரியர் சிங்காரவேலு இராமன் கதை மலாயிலும் தாய் மொழியிலும் எப்படியெல்லாம் உருமாறியது என்று ஆராய்ந்தார். நம் பக்கத்து வீட்டுக்காரரின் கதையும் நம் கதையும் எங்கே சந்திக்கின்றன என்று காட்டுகிற ஆய்வு அது. இந்த நாட்டில் அதைவிட அவசியமான வேலை அதிகம் இல்லை.

இனி என் கதையைக் கொஞ்சம்.

1990-களின் நடுவில் நான் அங்கே இறுதியாண்டு மாணவன். பட்டம் பெற ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். பேராக்கில் எங்கள் குடும்பம் முன்பு வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். தோட்டம் கைமாறி, வீடமைப்புப் பகுதியாகப் போகிறது என்ற பேச்சு அப்போதே இருந்தது. கேள்வித்தாள், டேப் ரெக்கார்டர், இரண்டு பை துணியோடு போய் மூன்று வாரம் தங்கினேன். எத்தனை ஏக்கர், எத்தனை மரம், எத்தனை லயம், எத்தனை குடும்பம், பள்ளியில் எத்தனை பிள்ளைகள், கோயில் எந்த ஆண்டு கட்டியது என்று எல்லாம் குறித்தேன்.

கடைசி லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, எழுதி வைத்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். கோயில் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நான் நிறுத்தியபோது கண்ணைத் திறந்து, "இத்தன மரம், இத்தன வீடுன்னு எழுதியிருக்க. சயாமுக்குப் போனவங்க பேரு எங்க தம்பி?" என்றார்.

சயாம் மரண இரயில் பாதையைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஓரிரு வரிகள் படித்திருக்கலாம். ஜப்பானியர் ஆட்சியில், 1942-இல் தொடங்கி ஏறக்குறைய ஓர் ஆண்டில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை லோரியிலும் இரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் ஏராளம். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது.

பாட்டிக்கு அப்போது பதினெட்டு வயதாம். அவருடைய அண்ணனும் போனவர். நான் மறுபடியும் டேப் ரெக்கார்டரை அமுக்கினேன். அவர் ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு வீடாக, மனத்துக்குள் நடந்துகொண்டே பெயர்களைச் சொன்னார். "கிணத்துப் பக்கத்து வீட்டு ஆறுமுகம், அவன் தம்பி, பேரு… சின்னையா. அதுக்கு அடுத்த வீடு பூட்டிக் கெடந்துச்சு." முப்பத்து நான்கு பெயர். திரும்பி வந்தவர்கள் ஏழு. அண்ணன் பெயரைக் கடைசியில் சொன்னார்.

பல்கலைக்கழகம் வகுத்திருந்த அத்தியாய முறையில் அந்தப் பெயர்களுக்கு இடமில்லை. என் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பின்னிணைப்பாகப் போடு. ஒரு பெயரும் விடாதே" என்றார். அப்படியே போட்டேன். ஒரு படியை எடுத்துப் போய்ப் பாட்டியிடம் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரனை வாசிக்கச் சொல்லி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்று அந்தத் தோட்டம் இல்லை. லயம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள் இருக்கின்றன.

பல்கலைக்கழகத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவு என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்தப் பின்னிணைப்புத்தான் நினைவுக்கு வருகிறது. கேள்வியைக் கொண்டுபோனவன் நான். சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்.

இப்போது நிலைமை எப்படி? 2019-இல் நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் 'சுலாம்' என்ற சேவைவழிக் கற்றல் முறை அறிமுகமானது. வகுப்பில் படிப்பதை ஒரு சமூகத்தின் தேவையோடு இணைத்து, அந்த வேலைக்கே புள்ளியும் பெறும் ஏற்பாடு. நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் இதைச் சந்திக்க வாய்ப்புண்டு. நோக்கம் நல்லது. நடைமுறையில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் அக்காள் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். ஒரு சனிக்கிழமை பேருந்தில் நாற்பது மாணவர்கள் வந்தார்களாம். ஒரே நிறச் சட்டை, பெரிய பதாகை. பிள்ளைகள் காலை ஏழு மணியிலிருந்து மண்டபத்தில் காத்திருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை முடியப் பத்தரை. அப்புறம் விளையாட்டு அரைமணி நேரம், நன்கொடைப் பை வழங்குதல், குழுப்படம். பன்னிரண்டுக்குப் பேருந்து கிளம்பிவிட்டது. "நாற்காலி அடுக்கினது நாங்கதான்" என்றார் அக்காள். வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்களிடம் யாரும் இதைவிட அதிகம் எதிர்பார்க்கவில்லை, அதுதான் வருத்தம்.

அதே பள்ளிக்கு இன்னொரு சமயம் நான்கு பேர் வந்தார்கள். பதாகை இல்லை. முதலில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "டீச்சர், உங்களுக்கு எதில் உதவி வேண்டும்?" என்று கேட்டார்களாம். மூன்றாம் ஆண்டில் ஒன்பது பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை என்று அக்காள் சொல்லியிருக்கிறார். எட்டு வாரம், வாரம் இரண்டு மாலை, அந்த ஒன்பது பேரோடு உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒரு பெண் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தாள். லகர, ளகர, ழகரத்தில்தான் தடுமாற்றம் என்று நாம் எல்லாரும் சொல்வோம். அவள் குறிப்பில் வேறொன்று தெரிந்தது. கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் 'கொ', 'கோ' வரிசையில்தான் பாதிப் பிள்ளைகள் நின்றுபோனார்கள். அதற்கென்று பயிற்சித்தாள் தயாரித்தாள். தன் அறிக்கையின் ஒரு படியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பயிற்சித்தாளை அக்காள் இன்னும் நகலெடுத்துப் பயன்படுத்துகிறார். அதில் அந்தப் பெண்ணின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது.

நாற்பது பேர் வந்ததற்கும் நால்வர் வந்ததற்கும் உள்ள வேறுபாடு ஆள் கணக்கில் இல்லை. முதலில் கேட்டார்களா, முடிவில் ஏதாவது விட்டுச் சென்றார்களா என்பதில் இருக்கிறது.

நீண்ட காலம் தாக்குப்பிடித்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களிலிருந்து நடத்திவரும் சிறுகதைப் போட்டியும், பரிசுக் கதைகளைத் தொகுக்கும் 'பேரவைக் கதைகள்' நூல் வரிசையும். நடத்துவது மாணவர்கள். அவர்கள் மூன்று, நான்கு ஆண்டில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். செயலவை ஆண்டுதோறும் மாறும். அப்படியிருந்தும் போட்டி ஒரு தலைமுறையைத் தாண்டி வந்திருக்கிறது. மாணவர் பிரிவோடு பொதுப் பிரிவும் வைத்ததுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். வளாகத்துக்குள் கால் வைக்காத தாதியும், தொழிற்சாலை மேற்பார்வையாளரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் கதை அனுப்பலாம். மலேசியாவில் இன்று எழுதுகிறவர்களில் பலருக்குத் தொடக்க காலத்தில் ஊக்கம் தந்த மேடைகளில் அதுவும் ஒன்று. பத்திரிகை ஞாயிறு மலர்களின் பக்கம் சுருங்கிவரும் நாளில் அந்த மேடைக்கு மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

ஆகவே பல்கலைக்கழகம் போகிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் துறையானாலும் சரி, பொறியியலோ மருத்துவமோ கணக்கியலோ, ஒரு திட்டப்பணி வரும். அப்போது இணையத்தில் கிடைக்கிற தலைப்பை எடுக்காமல், உங்கள் தாமானில், உங்கள் அம்மா வேலை செய்யும் இடத்தில், நீங்கள் படித்த பள்ளியில் யாருக்காவது ஒரு கேள்வி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மழை பெய்தால் நிரம்பும் கால்வாயாக இருக்கலாம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைச் சீட்டை வாசிக்க முடியாத தாத்தாவாக இருக்கலாம். சிறுகடைக் கணக்காக இருக்கலாம். முடித்த பிறகு ஒரு படியை அவர்கள் கையில் கொடுங்கள், அவர்களுக்குப் புரிகிற மொழியில்.

போகாதவர்களுக்கும், போக முடியாத பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பட்டியல் போடும் வேலை 1969-உடன் முடிந்துவிடவில்லை. சிங்கப்பூரில் 2015-இல் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து அந்நாட்டின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிப்பிடித்து மின்வடிவமாக்கினார்கள். நம் நாட்டில் எவ்வளவோ இன்னும் வீட்டுப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. வீடு மாறும்போதும், பெரியவர்கள் காலமானபோதும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடுகிறது.

வரும் பள்ளி விடுமுறையில் தாத்தா வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். தோட்டப் பள்ளியின் ஆண்டு மலர், கோயில் திருவிழாத் துண்டறிக்கை, தொழிற்சங்கச் சந்தா அட்டை, தமிழர் திருநாள் மலர், நாடக அழைப்பிதழ், கப்பல் பயணச்சீட்டு, பின்பக்கம் பெயர் எழுதிய வகுப்புப் படம். எது கிடைத்தாலும் கைப்பேசியில் படமெடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தாத்தாவிடமே கேட்டு எழுதி வையுங்கள். ஈரம் படாத உறையில் போடுங்கள். பிறகு இந்திய ஆய்வியல் துறைக்கோ, பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இது எங்களிடம் இருக்கிறது, உங்களுக்குப் பயன்படுமா என்று கேளுங்கள். படத்துக்குப் பின்னால் பெயர் இல்லாவிட்டால், தாத்தா இருக்கும்போதே, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.